மைல்கல்லு குறைத்த தூரம்

புதுவயலில் ஒரு அரிசி மில்லின் புகைக்கூண்டு ஆடிக் காற்றில் சாய்ந்து, தவிட்டு லாரி மேல் போய்ப் படுத்துக்கொண்டதே, அந்த வருஷம் நடந்தது இது. லாரியில் ஆள் இல்லை. டிரைவர் அப்போதுதான் வடை தின்ன இறங்கியிருந்தார். அதற்குப் பிறகு அந்தக் கடை வடையை அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. கொரோனாவுக்கு ஒன்றிரண்டு வருஷம் முந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வருஷத்தை எண்ணாகச் சொல்ல வராது. புகைக்கூண்டு விழுந்தது, ஊருணி நிறைந்தது, சிவப்பு மாடு செத்தது என்றுதான் சொல்ல வரும்.

அந்த வருஷம்தான் எங்கள் மைல்கல்லு தூரத்தைக் குறைத்தார். தூரத்தைக் குறைக்க சர்க்கார் ரோடு போட்டது, பாலம் கட்டியது, ரயில் விட்டது. நம்ம ஆள் கையில் ஒரு பிரஷ்ஷோடு, காரைக்குடிச் செக்காலையை விட்டு நகராமல், ரஷ்யா தேசத்தை நம் பக்கமாகத் தாம்பரம் போகிற தூரம் இழுத்துப் போட்டார். இப்படிச் செய்த இன்னொரு மனுஷனை நான் என் எழுபத்துச் சொச்ச வயசில் பார்த்ததில்லை.

அவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று உண்டு. மாதா கோயில் பதிவேட்டில் இருக்கும். ரோட்டோரத்துக் கிலோமீட்டர் கல்லில் ஊர்ப் பெயரும் எண்ணும் எழுதுகிற பெயிண்டர் என்பதால் ஊருக்கு அவர் மைல்கல்லு. மைல் போய்க் கிலோமீட்டர் வந்து எத்தனையோ காலமாயிற்று. அவர் பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

வேலையில் நான் அவருக்குக் கூட்டாளி. கல்லைச் சுரண்டி, உடம்புக்கு வெள்ளையும் தலைக்குப் பச்சையும் அடிப்பது நான். காய்ந்த பிறகு கறுப்பில் எழுத்து வைப்பது அவர். எனக்கு எழுத்துத் தெரியாது. பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கினவன் இல்லை. இதையே நான் வாயால் சொல்லச் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், பின்னால் ஒரு பாவம் வரப்போகிறது. அதில் எனக்குப் பங்கு இருக்கிறதா இல்லையா என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டும்.

தூரம் விஷயத்தில் மனுஷன் ஒரு மாதிரி. காண்ட்ராக்டர் கொடுக்கிற தாளில் உள்ள எண்ணை நம்ப மாட்டார். சைக்கிள் முன்சக்கரத்தில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டி, அது எத்தனை தடவை மேலே வருகிறது என்று எண்ணிக்கொண்டே ஓட்டுவார். நானூற்று ஐம்பத்தைந்து சுற்று ஒரு கிலோமீட்டர். நடுவில் யாராவது நலம் விசாரித்தால் போச்சு. திரும்பி முந்தின கல்லுக்கே போய் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டு வருவார். ஒருநாள் எதிரே பங்குச் சாமியார் வந்தார். அவருக்கு வணக்கம் சொல்லாமலும் போகக் கூடாது, சொன்னால் கணக்கும் போய்விடும். மைல்கல்லு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அவரைக் கடந்தார். கடந்து நேரே வாய்க்காலில் இறங்கினார். சாமியார் கைகொடுத்துத் தூக்கியபோது, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, அவர் வாய் மட்டும் முந்நூற்றுப் பன்னிரண்டு, முந்நூற்றுப் பன்னிரண்டு என்று அதே இடத்தில் நின்றது.

டீக்கடையில் யாராவது ஓர் ஊரைக் காட்டி, இங்கேதான், கூப்பிடு தூரம் என்று சொல்லிவிட்டால் அவருக்குப் பொறுக்காது.

"யாரு கூப்பிடுற தூரம்? உங்க வீட்டம்மா கூப்பிட்டா தேவகோட்டை வரைக்கும் கேக்கும். எங்க டீச்சரு கூப்பிட்டா அடுப்படியத் தாண்டாது. எதை நம்பி நான் போறது?"

டீச்சர் என்றது அவர் சம்சாரத்தை. ஆரம்பப் பள்ளியில் வேலை. ஒரே மகள் ஜெனி. மகள் டாக்டராக வேண்டும் என்பதில் டீச்சர் உயிரையே வைத்திருந்தார். எப்படியோ உருட்டிப் புரட்டி, அந்த ஆவணியில் ஜெனியை டாக்டருக்குப் படிக்க ரஷ்யாவுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு முதல் அதிர்ச்சி அதுதான். நான் தூக்கி வளர்த்த பிள்ளை. வெயிலில் நின்றது போதும் என்று சொல்லத் தெரியாமல், கறுக்கக் கறுக்க எங்களோடு கல் பக்கத்தில் நின்று விளையாடிய பிள்ளை. அது பனிக்குள் போய் எப்படி இருக்கும்?

இருக்கவில்லை. போன பத்தாம் நாளே போனில் அழுகை. சோறு இறங்கவில்லை, பேச்சுப் புரியவில்லை, ஆவணியிலேயே குளிர் கடிக்கிறது. எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறது.

"ரொம்பத் தூரம்ப்பா."

வேறு தகப்பனாக இருந்தால் தைரியம் சொல்லி போனை வைத்திருப்பார். இவருக்குத் தொழிலே தூரம். மறுநாள் வேலைக்கு வந்தவர், நான் வெள்ளையடித்து வைத்த கல் முன்னால் பிரஷ்ஷைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தார். பெயிண்ட் காய்ந்து பிரஷ் கட்டையாகிவிட்டது. என்னப்பா என்று கேட்டேன்.

"ஆறாயிரம் கிலோமீட்டராம்ண்ணே. இத்தனை வருசத்துல நான் மூணு எழுத்துக்கு மேல ஒரு எண்ணு எழுதுனதில்ல. கல்லுல எடம் பத்தாது."

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன், வந்தால் திரும்பப் போகமாட்டேன் என்று பிள்ளை சொல்லிவிட்டதாம். டீச்சர் சாப்பாட்டைக் குறைத்துவிட்டார். ஒரு வருஷம் போய், பிள்ளையின் படிப்பும் போய், ஊர் முகத்தில் எப்படி முழிப்பது என்று அவருக்குக் கவலை. மைல்கல்லுக்கு ஊரைப் பற்றிக் கவலை இல்லை. பிள்ளை தோற்று வந்துவிட்டோம் என்று ஆயுசு முழுக்க நினைத்துக்கொண்டிருக்குமே, அது ஒன்றுதான் அவரை அரித்தது.

இப்படி இருக்கையில் செக்காலையில் ஒரு பழைய பேப்பர் கடையில், பிரஷ் துடைக்கக் காகிதம் வாங்கப் போனார். நிறுவைத் தட்டில் அட்டை கிழிந்த தடிப் புத்தகம் ஒன்று கிடந்திருக்கிறது. ரஷ்யாக் கதை, தமிழில். அந்தக் காலத்தில் அப்படிப் புத்தகங்கள் நம் பக்கம் நிறைய வரும் என்று டீச்சர் சொன்னார். பிள்ளை இருக்கிற தேசம் என்று வாங்கி வந்து, சாப்பாட்டு வேளையில் மரத்தடியில் எனக்கு வாசித்துக் காட்டுவார். எனக்குக் கதை புரியும், பெயர்கள் புரியாது. ஒரே ஆளுக்கு மூன்று பெயர். நான் ஒன்பது பேர் என்று எண்ணிக்கொண்டிருந்தது கடைசியில் மூன்றே பேர் என்று தெரிந்தபோது ஏமாந்து போனேன்.

அந்தக் கதையில் எல்லோரும் எங்கேயாவது போய்க்கொண்டே இருந்தார்கள். போகிற தூரமெல்லாம் வெர்ஸ்ட் என்று வந்தது. பத்து வெர்ஸ்ட் நடந்தான், நாற்பது வெர்ஸ்ட் வண்டியில் போனான். மைல்கல்லு அந்தச் சொல்லை முதலில் லேசாகத்தான் தாண்டினார். ஒரு பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் குறிப்பு ஒன்று இருந்திருக்கிறது. வாசித்தவர் தூக்குச் சட்டியைத் தட்டிவிட்டு எழுந்து நின்றார். ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்று நான் அவர் காலைப் பார்த்தேன்.

"அண்ணே, வெர்ஸ்ட்டுங்கிறது ரஷ்யாக்காரன் தூரம் அளக்குற அளவு. நம்ம கிலோமீட்டர விட அறுபத்தேழு மீட்டர் பெருசு. அளவு பெருசானா எண்ணிக்கை குறையுமில்ல?"

குறைந்தால் என்ன என்று கேட்டேன். கரித்துண்டை எடுத்தார். நான் அப்போதுதான் வெள்ளையடித்த கல்லிலேயே வகுத்தல் கணக்குப் போட்டார். வலப்பக்கம் நிரம்பி, பின்பக்கம் போய், தலைப் பச்சையிலும் ஏறிவிட்டது கணக்கு. ஆறாயிரம் கிலோமீட்டர், ஐயாயிரத்து அறுநூற்று இருபத்து மூன்று வெர்ஸ்ட்.

"முந்நூத்தி எழுபத்தி ஏழு குறைஞ்சு போச்சுண்ணே. இங்குட்டு இருந்து தாம்பரம் போற தூரம். அம்புட்டும் இல்ல இப்ப."

தூரம் எப்படி இல்லாமல் போகும், பிள்ளை இருந்த இடத்தில்தானே இருக்கிறது என்று கேட்க வாய் வந்தது. அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். அன்று சாயந்தரம் போனில் மகளுக்கு விஷயத்தைச் சொன்னார். நீ நினைக்கிற அளவுக்குத் தூரம் இல்லை ஆத்தா, அந்த ஊர் அளவுப்படி பார்த்தால் தாம்பரம் மிச்சம் என்றார்.  பிள்ளை சிரித்தது. ஊரைவிட்டுப் போன பிறகு அதன் சிரிப்பை அன்றைக்குத்தான் கேட்டோம்.

அவ்வளவுதான், மனுஷனைப் பிடிக்க முடியவில்லை. வெர்ஸ்ட்டுக்கு நானூற்று எண்பத்தைந்து சுற்று என்று சக்கரத்துக்குப் புதுக் கணக்கு வைத்தார். காரில் வந்த வெளியூர்க்காரர்கள் நேமத்தான்பட்டிக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டதற்கு வெர்ஸ்ட்டில் பதில் சொன்னார். அவர்கள் அதை ஓர் ஊர் என்று நினைத்துச் செல்போனில் தேட ஆரம்பித்தார்கள். தேர்பவனி போகிற பாதை எவ்வளவு வரும் என்று சாமியார் கேட்டார். ஒன்றரை வெர்ஸ்ட்டுக்குக் கொஞ்சம் கம்மி சாமி என்றார் இவர். சாமியார் அது லத்தீனா என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். டீச்சர் வகுப்பில், எங்கள் தெருப் பையன் ஒருவன், ஆயிரம் மீட்டர் எவ்வளவு என்ற கேள்விக்கு ஒரு வெர்ஸ்ட்டுக்கு அறுபத்தேழு மீட்டர் குறைச்சல் என்று எழுதி வைத்தான். தப்பும் போட முடியவில்லை, சரியும் போட முடியவில்லை என்று டீச்சர் என்னிடம் வந்து அழாக்குறையாகச் சொன்னார்.

இவ்வளவும் வாயோடு போயிருந்தால் பரவாயில்லை.

புரட்டாசியில் புதுவயல் ரோட்டுக் கல்லெல்லாம் புதுசாக எழுதுகிற வேலை வந்தது. ஆயுதபூஜைக்கு முந்தின நாள் எட்டாவது கிலோமீட்டர் கல்லை முடித்தோம். மறுநாள் பிரஷ், வாளி, சுரண்டி எல்லாவற்றுக்கும் நான் சந்தனம் குங்குமம் வைப்பது வழக்கம். அவர் மாதா பிள்ளை என்றாலும் பொரி கடலைக்கு வந்துவிடுவார். அந்த வருஷம், கடைசியாக முடித்த கல் அழகாக வந்திருக்கிறதே என்று, அதன் தலையிலும் ஒரு பெரிய பொட்டு வைத்து, செவ்வந்திச் சரம் ஒன்றும் சுற்றிவிட்டேன். அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு மாதிரி சிரித்தார். எனக்கு எழுத்துத் தெரிந்திருந்தால் அந்தச் சிரிப்பு எதற்கென்று அப்போதே விளங்கியிருக்கும்.

அடுத்த சனிக்கிழமை அந்த வழியாக நானும் அவரும் சைக்கிளில் போகிறோம். எட்டாவது கல் பக்கத்தில் நாலு நெல் லாரி வரிசையாக நிற்கிறது. விபத்து என்று நினைத்து வேகமாக மிதித்தேன். கிட்டே போனால், ஒரு டிரைவர் கல்லின் முன்னால் தேங்காய் உடைக்கிறார். இன்னொருவர் எள் முடிச்சுப் போட்ட விளக்கை ஏற்றி வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். மூன்றாமவர் வரிசையில் தன் இடத்தில் கிளீனரை நிற்க வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றுகிறார். கல்லைச் சுற்றிக் கறுப்புத் துணி.

கூட்டத்துக்கு நடுவே எங்கள் காண்ட்ராக்டர், மோட்டார் சைக்கிளை நிறுத்தக்கூட மறந்து, அதைத் தாங்கிப் பிடித்தபடி நின்றார். எங்களைப் பார்த்ததும் கல்லைக் காட்டினார்.  

"என்னய்யா எழுதி வச்சுருக்க?"

"காரைக்குடி ஏழரை வெர்ஸ்ட்டுங்க. எட்டு கிலோமீட்டருக்குக் கணக்கா வருது. அளந்து பாருங்க, ஒரு அடி தப்பு இருந்தா நான் இந்தத் தொழில விட்டுர்றேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கல்லில் ஏழரை. என் கையால் வைத்த சந்தனம், குங்குமம், பூ. சனி பிடித்தால் ஏழரை வருஷம் என்று பயந்து கிடக்கிற ஊரில், நட்டநடு ரோட்டில் ஒரு கல் ஏழரை என்று பொட்டு வைத்துக்கொண்டு நின்றால், வண்டி ஓட்டுகிறவன் எப்படி நிறுத்தாமல் போவான்?  இத்தனை நாளாக நானே அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கல்லைப் பார்த்து, என் வெள்ளை எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்று பெருமைப்பட்டிருக்கிறேன்.

காண்ட்ராக்டர் உடனே அழிக்கச் சொன்னார். டிரைவர்கள் விடவில்லை. விளக்கு எரிகிற கல்லில் கைவைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்றார்கள். காண்ட்ராக்டருக்கு அந்த வருஷம் நிஜமாகவே ஏழரை நடந்துகொண்டிருந்தது. அவர் குரல் இறங்கிவிட்டது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, செருப்பை ஓரமாக விட்டு, கல்லை மூன்று சுற்றுச் சுற்றிக் கும்பிட்ட பிறகுதான் எங்களைத் திட்டினார். விளக்கு அணைந்து, எல்லாரும் போன பிறகு நான் வெள்ளையடித்தேன், மைல்கல்லு எட்டு என்று எழுதினார். இன்னொரு தடவை இப்படி என்றால் வேலை இல்லை என்று காண்ட்ராக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போது, இவ்வளவு தூரம் போகணுமா தம்பி என்று கேட்டேன்.

"பிள்ளைக்கு அந்தக் கல்ல போட்டோ எடுத்து அனுப்புனேன்ண்ணே. நம்ம ஊரும் அவ ஊரும் ஒரே கணக்குல இருக்குன்னு தெரியட்டும்னுதான். மூணு நாளு சந்தோசமாப் பேசுனா."



கார்த்திகை முடிகிற சமயம் விஷயம் கெட்டுப்போனது. ஜெனி ஒரு பரீட்சையில் தவறிவிட்டது. அதே வாரம், வாய்க்கு ருசியாக ஏதாவது வேண்டும் என்று விடுதி அடுப்பில் வரமிளகாயை வறுத்திருக்கிறது. புகையைக் கண்டு தீ விபத்து மணி அடித்து, விடுதியில் இருந்த அத்தனை பிள்ளைகளும் செருப்பில்லாமல் பனியில் போய் நின்றிருக்கிறார்கள். விடுதியைப் பார்த்துக்கொள்கிற வயசான அம்மா ஒருவர், ரொம்பக் கண்டிப்பு, எல்லார் முன்னாலும் பிள்ளையைப் பார்த்துக் கத்திவிட்டார். இனி இங்கே இருக்க முடியாது, டிக்கெட் போடுங்கள் என்று ஜெனி சொல்லிவிட்டது. டீச்சர் படுத்துவிட்டார். மைல்கல்லு மட்டும், டிக்கெட் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை அந்த அம்மாவிடம் தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். கேட்டுவிட்டு அப்புறம் பிள்ளை இஷ்டம்.

சாயந்தரம் ஐந்து மணி. புதுவயல் ரோட்டில் ஒரு மில் சுவர் பக்கம் வேலையில் இருந்தோம். அங்கே அப்போது மத்தியானம். வீடியோவில் ஜெனி வந்தது. அவர் கையெல்லாம் கறுப்புப் பெயிண்ட். போனை நான் பிடித்துக்கொண்டேன். மன்னிக்க வேண்டும், சிறு பிள்ளை, இனி நடக்காது என்று டீச்சர் இங்கிலீஷில் மூன்று வரி சொல்லிக்கொடுத்து, அவர் காலையிலிருந்து அதை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

ஜெனி போனைத் திருப்பியது. திரையில் அந்த அம்மாள். பெரிய உடம்பு, வட்டக் கண்ணாடி, தோளில் சால்வை. சிரிப்பு என்பதை வாழ்க்கையில் கேள்விப்படாத முகம். எனக்கே மூத்திரம் முட்டியது. மைல்கல்லுக்கு மூன்று வரியும் மறந்துவிட்டது. வாயைத் திறக்கிறார், மூடுகிறார். அந்த அம்மாள் மணியைப் பார்க்கிறார். ஜெனி சீக்கிரம் சொல்லுங்கப்பா என்கிறது. அவருக்குத் தெரிந்த ரஷ்யா வார்த்தை உலகத்தில் ஒன்றே ஒன்று. பெயிண்ட் கையால் முதலில் தன் நெஞ்சைத் தொட்டார். அப்புறம் திரையைத் தொட்டார்.

"ஜெனி அங்க. நான் இங்க. நடுவுல ஐயாயிரத்து அறுநூத்தி இருபத்தி மூணு வெர்ஸ்ட்டு, தாயி."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். வெர்ஸ்ட் என்று அவர் வாய் ஒருதரம் சொன்னது. மூன்று மாசத்தில் அந்தப் பேச்சை ஓரளவு பிடித்திருந்த ஜெனியிடம் என்னவோ வேகமாகக் கேட்டார். ஜெனி பதில் சொன்னதும், அந்தப் பெரிய உடம்பு முழுக்கக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. சிரிப்பில் போன் ஆடியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. மைல்கல்லு வெளிறிப்போய், என்ன தப்பாச் சொன்னேன் என்று மகளைக் கேட்டார்.

ஜெனி தயங்கித்தான் சொன்னது. "தப்பு இல்லப்பா. இப்ப இங்க யாரும் அப்படிச் சொல்றதில்ல. எல்லாம் கிலோமீட்டர்தான். செக்காலை ஆட்டோ ஸ்டாண்டுல ஒரு வெள்ளைக்காரன் வந்து, குன்றக்குடிக்கு எத்தனை காதம்னு கேட்டா எப்படி இருக்கும், அப்படி இருக்கு இவுகளுக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊர் முழுக்கச் சொல்லி, கல்லில் எழுதி, விளக்கு வரைக்கும் ஏற்றிய ஒரு சொல், அதைச் சொல்கிற ஊரிலேயே செத்துப் போயிருந்ததா?

"உனக்கு இது எப்பத் தெரியும் ஆத்தா?" என்றார்.

"வந்த ரெண்டாவது மாசமே. நீங்க அம்புட்டு ஆசையாச் சொன்னீக. நான் எப்படிப்பா சொல்றது?"

மைல்கல்லு தரையைப் பார்த்தார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. ஒரு எண்ணைத் தப்பாக எழுதிவிட்டு, லாரியெல்லாம் அதை நம்பிப் போன பிறகு தெரிந்தவர் மாதிரி நின்றார். போனை அணைக்கட்டுமா என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

அதற்குள் அந்த அம்மாள் பேச ஆரம்பித்திருந்தார். இப்போது சிரிப்பில்லை. நிறுத்தி நிறுத்திப் பேசினார். கேட்கக் கேட்க ஜெனியின் முகம் மாறியது.

"இவுக அப்பா குதிரை வண்டி ஓட்டுனவராம். ஊரே கிலோமீட்டருக்கு மாறுன பெறகும் அவரு சாகுற வரைக்கும் வெர்ஸ்ட்டுலதான் சொல்லுவாராம். அவரு போயி நாப்பது வருசம் ஆச்சாம். பாட்டுல, புத்தகத்துல இருக்காம். ஒரு மனுசன் நெசமா தூரத்துக்குச் சொல்லி, இன்னைக்குத்தான் கேக்குறாகளாம்." அந்த அம்மாள் குறுக்கே ஏதோ கேட்டார். "அப்பா, நேர் வழியா, சுத்து வழியான்னு கேக்குறாக."

வண்டிக்காரர் மகள் கேட்ட கேள்வி அது. வேறு யாருக்கும் கேட்கத் தோன்றாது. மைல்கல்லு நிமிர்ந்தார்.

"நேர் வழின்னு சொல்லு. ரோட்டு வழி எம்புட்டு வரும்னு நான் இன்னும் சக்கரத்த உருட்டிப் பாக்கல."

ஜெனி அதை அவர்கள் பேச்சில் சொன்னது. அந்த அம்மாள் மறுபடி சிரித்து, சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜெனியின் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். கத்திய அதே அம்மாள். இனிமேல் மிளகாய் வறுக்கும்போது ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், தன்னையும் சாப்பிடக் கூப்பிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். மைல்கல்லு கையில் இருந்த பெயிண்ட் நினைப்பே இல்லாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முகம் முழுக்கக் கறுத்துவிட்டது. அந்தப் பக்கம் இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பில், நானும் சிரிக்கிறேன், போனையும் பிடிக்க முடியவில்லை.

மறுநாள் டிக்கெட் வேண்டாம் என்று ஜெனி சொல்லிவிட்டது.

தவறிய பரீட்சையை எழுதித் தேறியது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த அம்மாள் போனில் வந்து, தூரம் குறைந்திருக்கிறதா என்று கேட்பார். இவர் எண்ணைச் சொல்வார். கொரோனா வந்து விடுதி காலியானபோது பிள்ளையைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டது அந்த அம்மாள்தான். அந்த நாளில் டீச்சர் எங்கள் ஊர் மாதா கோயிலில் ஏற்றிய மெழுகுவர்த்தி இரண்டு. ஒன்று மகளுக்கு, ஒன்று பெயர் வாயில் நுழையாத அந்த அம்மாவுக்கு. செத்த சொல் என்று தெரிந்த பிறகும் வெர்ஸ்ட்டை ஏன் விடவில்லை என்று ஒருநாள் மைல்கல்லைக் கேட்டேன். அங்குட்டு ஒரு ஆளு, இங்குட்டு ஒரு ஆளு, ரெண்டு பேரு பேசுனா அது உசுரோட இருக்குற சொல்லுதானேண்ணே என்றார்.

ஜெனி டாக்டராகி வந்துவிட்டது. வெளிநாட்டில் படித்தவர்கள் வந்து எழுத வேண்டிய பரீட்சையையும் எழுதி, இப்போது திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. போன தையில் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. நல்லதுதான். டீச்சருக்கு முடியவில்லை. மைல்கல்லுக்கும் வெயிலில் குந்தி எழுத முடியவில்லை. கிளம்பும்போது என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தார்.  பஸ்ஸுக்கு நேரமாச்சு, போங்கப்பா என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன்.

திருச்சிக்கு எவ்வளவு என்று மருமகளைப் பார்க்கச் சொன்னேன். தொண்ணூறு கிலோமீட்டர் என்றாள். வகுக்கச் சொன்னேன். எண்பத்து நாலு வெர்ஸ்ட்டும் கொஞ்சமும் வருகிறதாம்.

இதை வாசிக்கிறவர்கள் யாராவது திருச்சியில் இருந்தால் ஓர் உதவி. வழி கேட்டதற்கு வெர்ஸ்ட்டில் பதில் சொல்கிற மனுஷர் யாரையாவது பார்த்தால் பெயர் கேட்க வேண்டாம், அவர்தான். காரைக்குடியில் கூட வேலை பார்த்த அண்ணன் சொல்லச் சொன்னதாக இதைச் சொல்லிவிடுங்கள்: எண்பத்து நாலாகக் குறைத்துப் பார்த்தும், எனக்கு அது ரொம்பத் தூரமாகத்தான் இருக்கிறது.